ஒரு நாற்காலியும் இரண்டு துஆக்களும்

வர்த்தகர்களாகிய நமக்குப் போட்டி புதிய சங்கதியன்று. அடுத்த கடைக்காரர் அரிசி மூட்டைக்கு இரண்டு வெள்ளி குறைத்தால் நாமும் குறைக்கிறோம். அவர் கடைக்குப் போகும் வாடிக்கைக்காரர் நம் கடைப் படி ஏறவேண்டுமென்று மனத்துக்குள் எண்ணாத வியாபாரி ஒருவரும் இரார். ஆயினும் அந்தப் போட்டியில் ஓர் ஆறுதல் உண்டு. இன்று போனவர் நாளை வரலாம். இந்த மாதம் படுத்த வியாபாரம் நோன்புப் பெருநாளுக்கு எழுந்து நிற்கலாம். பல்கலைக் கழக இடத்துக்கு நடக்கும் போட்டி அப்படிப்பட்டதன்று. அதில் ஒருவர் பிள்ளை உட்கார்ந்த நாற்காலியில் மற்றவர் பிள்ளை உட்கார முடியாது. இந்த வேற்றுமையிலிருந்து பிறக்கும் கேள்வி ஒன்றைத்தான் இங்கே சற்று ஆராய விரும்புகிறோம்.

சிங்கப்பூரில் ஏ-லெவல் முடிவுகள் பெரும்பாலும் பிப்ரவரிக் கடைசியில் வெளியாகின்றன. விண்ணப்பங்கள் மார்ச்சு மாதத்துக்குள் போய்ச் சேரவேண்டும். மருத்துவம், சட்டம் போன்ற துறைகளுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. அதன் பின்னர் மே மாதம் வரை வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்குவதில்லை. பிள்ளை கைத்தொலைபேசியை மணிக்கு நாலு தடவை திறந்து பார்க்கிறது. தகப்பனார் பார்க்காதது போலப் பார்க்கிறார். மலேசியாவிலுள்ள நம் சகோதரர்களுக்கு மாதங்களும் முறைகளும் வேறு. அங்கே யு.பி.யு. வழியே விண்ணப்பித்து, கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடுமாகக் கணக்கிட்ட மெரிட் புள்ளியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். காத்திருப்பில் மட்டும் இரு நாட்டுக்கும் பேதமில்லை. இந்த வாரங்களில் சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் புது முகங்கள் சில தென்படுவதை இமாம்கள் கவனித்திருப்பார்கள். அதைக் குறை சொல்வதற்கில்லை. தேவை வந்தபோதாவது வருகிறார்களே!

இனிக் கேள்விக்கு வருவோம். ஒரே சஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து இரண்டு தகப்பன்மார் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் பிள்ளைகளும் மருத்துவத்துக்கு மனுச் செய்திருக்கிறார்கள். ஸலாம் கொடுத்தபின் இருவரும் கையேந்தி, “யா அல்லாஹ், என் பிள்ளைக்கு இடம் கொடு” என்று கேட்கிறார்கள். இடங்கள் சில நூறு உண்டே, இருவருக்கும் கிடைக்கக் கூடாதா என்று யாரேனும் கேட்கலாம். கிடைக்கலாம். ஆனால் இடங்கள் எத்தனை நூறானாலும் கடைசி இடம் என்று ஒன்று இருந்தே தீரும். அதில் ஒருவன் உள்ளே வர, அவனுக்கு அடுத்தவன் வெளியே நிற்பான். வெளியே நிற்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒரு தகப்பன் இருக்கிறார், அவரும் கையேந்தியவரே. அப்படியானால் என் பிள்ளைக்காக நான் கேட்கும் துஆ, எனக்குத் தெரியாத ஒருவர் பிள்ளைக்கு எதிராகக் கேட்கும் துஆ ஆகிவிடாதா? அவ்வாறு கேட்பது ஒரு முஸ்லிமுக்குத் தகுமா?

“எல்லாம் எழுதியபடி நடக்கும், கேட்பானேன்?” என்று சிலர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இப்படிச் சொல்பவர் தம் கடைக்குத் தீக்காப்புறுதி எடுக்காமல் இருக்கிறாரா என்று முதலில் பார்க்கவேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டார்கள். அம்பு வருவது விதியானால் அதைத் தடுக்கும் கேடயமும் விதியில் அடங்கியதுதான். துஆவும் அத்தகைய கேடயமே என்பது அவர்கள் கருத்து. ஆகவே கேட்கலாமா என்பதில் வழக்கில்லை. எதைக் கேட்பது, எந்த மனத்தோடு கேட்பது என்பதில்தான் வழக்கு.

இஸ்திகாராத் தொழுகையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த துஆவின் கருத்தை நம்மில் பலர் அறிவர். இந்தக் காரியம் என் தீனுக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நன்மையானால் இதை எனக்கு எளிதாக்கு. தீமையானால் இதை என்னைவிட்டும் என்னை இதைவிட்டும் திருப்பிவிடு. நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்கு விதித்து, அதில் என் மனத்தைப் பொருந்தச் செய் என்பது அதன் சாரம். இரண்டு தகப்பன்மாரும் இவ்விதம் கேட்பார்களாயின் அங்கே சண்டைக்கே இடமில்லை. ஒருவருடைய நன்மை மற்றவருடைய நன்மையை இடித்துத் தள்ளுவதில்லை.

சொல்வது சுலபம். நடப்பில் நாம் என்ன செய்கிறோம்? வாயினால் “கைர்” என்று கேட்கிறோம்; அந்தக் கைர் எந்தக் கட்டடத்தில், எந்தத் துறையில் வந்து இறங்கவேண்டுமென்று விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டே கேட்கிறோம். அது குற்றமென்று நாம் கருதவில்லை. மனிதன் தன் விருப்பத்தைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். நபி ஸக்கரிய்யா (அலை) அவர்கள் பிள்ளை வேண்டுமென்றே கேட்டார்கள்; நபி மூஸா (அலை) அவர்கள் தம் சகோதரரைத் துணையாகத் தரும்படிப் பெயர் சொல்லியே கேட்டார்கள். விலாசம் எழுதுவதில் பிழையில்லை. அந்த விலாசத்தில் குடியிருப்பவர் வெளியேறவேண்டும் என்று எண்ணும்போதுதான் பிழை உள்ளே நுழைகிறது.

இங்கேதான் ஹஸதுக்கும் கிப்தாவுக்கும் உள்ள எல்லை வருகிறது. பிறருக்குக் கிடைத்த பாக்கியம் அவரைவிட்டு நீங்கவேண்டுமென நினைப்பது ஹஸது, அது ஹராம். அவரிடம் அது இருக்கட்டும், எனக்கும் அதுபோல் கிடைக்கட்டும் என்பது கிப்தா, அது ஆகும். மார்க்க வகுப்பில் கேட்கும்போது இந்த வேற்றுமை தெளிவாக விளங்கும். ஆனால் எண்ணிக்கை முடிந்துபோன இடங்களில் “அவருக்கும் இருக்கட்டும், எனக்கும் கிடைக்கட்டும்” என்பதற்கு வழியெங்கே? மே மாதத்தில் ஒருநாள், அடுத்த தெருக்காரர் பிள்ளைக்கு இடம் இல்லையென்று செய்தி வருகிறது. கேட்டவுடன் வாய் “அடடா” என்கிறது. நெஞ்சின் ஓரத்தில் மெல்லிய ஒரு குளிர்ச்சி, ‘ஓர் ஆள் குறைந்தான்’ என்று ஒரு கணக்கு. அந்தக் குளிர்ச்சி வராதவர் பெரிய மனிதர். வந்தவர் கெட்டவருமல்லர். அது வந்ததும் அதற்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து உபசரிக்கிறாரா, வாசலோடு அனுப்பிவிடுகிறாரா என்பதே கேள்வி.

இதே கஸ்ஸாலி இமாம் அவர்கள் பொறாமையைப் பற்றி ஆராயும்போது ஒரு நுட்பத்தைச் சொல்கிறார்கள். எல்லாருக்கும் போதாத ஒரு பொருளில் பலர் வந்து நெருக்குவதாலேயே பொறாமை பிறக்கின்றது. பணமும் பதவியும் அவ்வாறானவை. ஒருவர் கைக்குப் போனால் மற்றவர் கை வெறுங்கை. அறிவு அப்படியன்று. ஒருவர் ஒன்றைக் கற்றுக்கொண்டதால் மற்றவருக்குக் கற்க மிச்சமில்லாமல் போவதில்லை. ஆகவே அறிவை அறிவுக்காகத் தேடுவோரிடம் பொறாமை இராது. அறிவைக்கொண்டு பணத்தையும் பெயரையும் தேடுவோரிடமே இருக்கும் என்கிறார்கள். இதை எழுதியவர்கள் எத்தகைய நாற்காலியில் அமர்ந்திருந்தவர்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். அக்காலத்து அறிஞர்கள் ஏங்கி நின்ற பக்தாது நிஜாமிய்யாக் கலாசாலையின் ஆசிரியப் பதவி 1091ல் அவர்களுக்குக் கிட்டியது. நான்கே ஆண்டுகளில், 1095ல், அதைவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

இமாமவர்களின் சொல் மெய். ஆயினும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு பையனிடம், “நீ மெய்யாகவே அறிவைத் தேடினால் உனக்கு வருத்தமே வரக்கூடாது” என்று சொல்லிவிட முடியாது. வைத்தியக் கல்வி புத்தகத்தில் மட்டும் இல்லை. நோயாளியின் கட்டிலருகில் நின்று கற்கவேண்டும். ஒரு கட்டிலைச் சுற்றி ஐம்பது மாணாக்கர் நின்றால் அது நோயாளிக்குக் கொடுமை. கற்பிக்கும் வைத்தியர்கள் இத்தனை பேர்தான், ஆஸ்பத்திரிகள் இத்தனைதான் என்ற கணக்கு யாரோ வேண்டுமென்று செய்த கஞ்சத்தனமன்று. அறிவு கடலானாலும் அதற்கு வைத்திருக்கும் துறைமுகம் சிறிது. துறைமுகம் சிறிதானால் கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கத்தான் செய்யும்.

ஆனால் துறைமுகத்தைப் பெரிதாக்கலாம். இந்நகரில் அதைச் செய்தவர்கள் வியாபாரிகள் என்பது நம்மவர் அறிந்து மகிழவேண்டிய செய்தி. 1904ல் டான் ஜியாக் கிம் என்னும் சீன வர்த்தகப் பிரமுகரும் பிறரும் சேர்ந்து, இங்கேயே ஒரு வைத்தியப் பள்ளி வேண்டுமென்று கவர்னருக்கு மனுக் கொடுத்தார்கள். பணம் திரட்டிக் கொண்டுவாருங்கள் என்றது அரசாங்கம். திரட்டினார்கள்: 87,077 வெள்ளி. அதில் 12,000 வெள்ளி டான் ஜியாக் கிம் கொடுத்தது. சிப்பாய் லைன்ஸ் பகுதியில், முன்பு பெண் மனநோயாளிகளை வைத்திருந்த பழைய கட்டடத்தில், 1905 ஜூலையில் 23 மாணாக்கருடன் பள்ளி தொடங்கியது. இன்று நம் பிள்ளைகள் மனுப்போடும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகத்தின் வேர் அதுதான். அரை நூற்றாண்டு கழித்து நன்யாங் பல்கலைக் கழகம் எழுந்தபோது டான் லார்க் சை என்னும் ரப்பர் வர்த்தகர் ஐம்பது லட்சம் வெள்ளி தருவதாக அறிவித்தார். டிரைஷா ஓட்டிகள் ஒருநாள் வருமானத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். தாயகத்தில் திருச்சியில் 1951ல் ஜமால் முகம்மது கல்லூரியைத் தோற்றுவித்த ஜமால் முகம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் நம்மைப்போல் வியாபாரம் செய்தவர்களே. இங்கே 1946ல் தொடங்கப்பட்ட உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியும் கடையநல்லூர்ச் சகோதரர்களின் உழைப்பு. இவர்களெல்லாம் தங்கள் பிள்ளைக்கு ஓர் இடம் பிடிக்கச் செலவிட்டவர்களல்லர். இடத்தையே உண்டாக்கியவர்கள்.

இனி மற்றொரு வகையில் பார்ப்போம். வைத்தியம் பர்ளு கிபாயா. ஊரில் ஒருவரும் கற்காவிட்டால் ஊரார் எல்லாரும் குற்றவாளிகள். போதுமான பேர் கற்றுவிட்டால் மற்றவர் தோளிலிருந்து பாரம் இறங்கிவிடும். தம் காலத்தில் ஊருக்கு ஊர் ஃபிக்ஹு படிக்க நெருக்கியடிக்கிறார்கள், வைத்தியம் படிக்க முஸ்லிம் ஒருவர் இல்லை என்று இஹ்யாவில் கஸ்ஸாலி இமாம் வருந்துகிறார்கள். காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறார்கள்: ஃபிக்ஹு படித்தால் காஜி வேலை கிடைக்கும், வக்புச் சொத்தும் அநாதைகளின் சொத்தும் கைக்கு வரும், வைத்தியத்தில் அந்த வசதி இல்லை. இன்று அவர்கள் வந்து பார்த்தால் கூட்டம் இடம் மாறியிருப்பதைக் கண்டு புன்னகை செய்வார்கள். காரணம் மாறவில்லை என்பதையும் உடனே கண்டுகொள்வார்கள்.

பர்ளு கிபாயா என்னும் இந்தச் சட்டத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால் முன் சொன்ன இரண்டு தகப்பன்மாரின் கணக்கு வேறாகிவிடும். அடுத்தவர் பிள்ளை அந்த இடத்தில் உட்காரும்போது என் கடமையையும் அவன் சேர்த்துச் சுமக்கிறான். என் தாயார் நடுராத்திரி மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அங்கே நிற்பவன் அவனாக இருக்கலாம். அவன் சீனர் பிள்ளையாகவோ மலாய்க்காரர் பிள்ளையாகவோ இருந்தாலும் பேச்சு ஒன்றே. காய்ச்சல் இனம் பார்த்து வருவதில்லை. அந்த இடம் நன்றாகப் படிப்பவனுக்குப் போகவேண்டுமென்று விரும்புவதில் எனக்கும் லாபம் உண்டு. ஆகையால் துஆ கேட்கும் தகப்பனார் தம் பிள்ளை பெயரோடு அந்த இன்னொரு பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம். தன் சகோதரனுக்காக அவன் அறியாமல் ஒருவன் கேட்கும் துஆவுக்கு மலக்கு ஆமீன் கூறி, உனக்கும் அதுபோல் என்று சொல்வதாக ஹதீது இருக்கின்றதல்லவா? பெயர் தெரியாவிட்டால் என்ன, அல்லாஹ்வுக்குத் தெரியும். கேட்டுப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு கடினமென்று விளங்கும். மூன்று நாள் கேட்டால் நாலாம் நாள் நாக்கு பழகிவிடும். நெஞ்சு பழக இன்னும் கொஞ்சம் நாளாகும்.

துஆவில் மட்டும் விரிந்த மனம் காட்டிவிட்டு நடத்தையில் சுருங்கினால் பயனில்லை. இரண்டு காரியங்களை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டும் வியாபாரிகளுக்கு எளிதில் விளங்கக் கூடியவை.

முதலாவது, இடத்தைப் பிடித்துவைத்தல். சிங்கப்பூரில் உள்ளூர்ப் பல்கலைக் கழகங்கள் பல இடம் கொடுத்தாலும் ஒன்றைத்தான் ஏற்க முடியும் என்று விதி இருக்கின்றது. வெளிநாட்டு இடத்துக்கு அந்த விதி எட்டாது. ஆகவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளை லண்டனிலோ மெல்போர்னிலோ ஓர் இடமும் இங்கே ஓர் இடமுமாக இரண்டையும் கையில் வைத்திருக்கக் கூடும். இது ஆகுமா? வியாபாரத்தில் கியார் என்று ஒன்று உண்டு. பொருளை வாங்குவதா விடுவதா என்று யோசிக்க அவகாசம் கேட்டுக்கொள்வது. ஷாபியீ மத்ஹபிலும் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் சொல்லிலும் அதற்கு எல்லை மூன்று நாள். யோசிக்க உரிமை உண்டு, ஆனால் அது முடிவில்லாத உரிமையன்று என்பதே இதன் கருத்து. பல்கலைக் கழகம் கொடுத்த தவணைக்குள் யோசிப்பது கியாரைப் போன்றது, அதில் பழியில்லை. லண்டனுக்கே போவதென்று வீட்டில் முடிவாகி, விமானச்சீட்டுக்கு விலையும் விசாரித்தபின், “இருக்கட்டுமே” என்று இங்குள்ள இடத்தையும் விடாமல் வைத்திருப்பது வேறு. ஜனங்கள் அரிசிக்கு அலையும்போது கிடங்கைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியவனை இஸ்லாம் என்னவென்று சொல்கிறதோ அதுவே இதற்கும் பொருந்தும் என்பது நம் அபிப்பிராயம். வெளியே ஒரு பையன் காத்திருக்கிறான். ஒரு நாள் முன்னதாக விட்டால் அவன் ஒரு நாள் முன்னதாகத் தூங்குவான்.

இரண்டாவது, சிபாரிசு. இங்கே புள்ளிக் கணக்கும் நேர்முகத் தேர்வும் கண்டிப்பாக நடப்பதால் பெரிய மனிதரின் கடிதம் கதவைத் திறக்காது. ஆயினும் நம்மவரில் சிலர் இன்னும் பிரமுகர்களைத் தேடிப் போகிறார்கள். ஆசிரியர் ஒருவர் தாம் அறிந்த மாணாக்கனைப் பற்றித் தாம் அறிந்ததை எழுதினால் அது சாட்சியம். பிள்ளையின் முகத்தையே பாராத கனவான் ஒருவர் அவனுடைய குணாதிசயங்களை ஒரு பக்கத்துக்கு எழுதினால் அது பொய்ச் சாட்சியம். தராசில் விரல் வைப்பதை நாம் கடையில் ஒப்புக்கொள்வோமா?

காத்திருப்பில் பொறுமை வேண்டும், முடிவில் பொருத்தம் வேண்டும் என்றெல்லாம் சொல்கிறோம். இதை வைத்து அநியாயத்துக்கும் வாய்மூடியிருக்கச் சொல்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். அல்லாஹ்வின் கத்ரு வேறு, மனிதர் எழுதிய விதி வேறு. சிங்கப்பூரில் 1979 தொடங்கி வைத்தியக் கல்விக்குச் சேர்க்கப்படும் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. பெண் வைத்தியர்கள் குடும்பத்துக்காகப் பாதியில் தொழிலை விட்டுவிடுவார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஏறத்தாழ இருபத்துநாலு ஆண்டுகள், நல்ல தேர்ச்சி பெற்ற பெண்கள் பலர் பெண்ணாகப் பிறந்ததற்காகவே வெளியே நின்றார்கள். “உனக்கு விதிக்கவில்லை, மகளே” என்று அவர்கள் வீட்டில் தேற்றியிருப்பார்கள், தேற்றியதில் தவறில்லை. ஆனால் அந்த வரம்பை எழுதியது மனிதர் கை. பலர் பேசியும் எழுதியும் வந்தபின் 2003ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அது நீக்கப்பட்டது. மலேசியாவில் மெட்ரிகுலேஷன் இடங்கள் 2019ல் 25,000லிருந்து 40,000 ஆக உயர்ந்தபோதும் பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்க்கு 10 என்ற விகிதம் மாறவில்லை. 2024ல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ‘ஏ’ பெற்றவர்களுக்கு இனம் பாராமல் இடம் என்று அறிவிப்பு வந்தது. விதிகள் மாறக்கூடியவை என்பதற்கு இவை போதும். மனத்தில் ரிளாவும் வாயில் நியாயமான முறையீடும் ஒரே மனிதரிடம் இருக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

கடைசியாக, இடம் கிடைக்காத வீட்டைப் பற்றி. இங்கேதான் நம்மவர் மிகவும் தவறுகிறார்கள். வியாபாரப் புத்தி நம்மைவிட்டுப் போவதில்லை. பிள்ளையையும் சரக்காக எண்ணி, சந்தை என்ன விலை சொன்னது என்று பார்க்கிறோம். டியூஷனுக்கு இத்தனை ஆயிரம், புத்தகத்துக்கு இத்தனை, கணினிக்கு இத்தனை என்று சோற்றுத் தட்டின் முன் கணக்கு வாசிக்கும் தகப்பன்மார் உண்டு. நேற்றுவரை உயர்ந்த புள்ளி 90 என்றார்கள். 2026 சேர்க்கையிலிருந்து 70 என்கிறார்கள். அளவுகோலே இப்படி மாறுகிறது. அந்த ஆண்டு அந்தக் கல்லூரியில் அத்தனை இடம், அத்தனை பேர் கேட்டார்கள், இவனுக்கு முன்னால் வரிசை முடிந்தது என்பதற்கு மேல் அந்தக் கடிதம் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை தான் தகுதியற்றவன் என்று அதில் படித்துக்கொள்கிறது. தகப்பனாரின் முகத்தைப் பார்த்து அது சரிதான் என்று உறுதியும் செய்துகொள்கிறது. அந்த வாரத்தில் கடையிலிருந்து வீடு திரும்பும்போது என்ன முகத்தோடு திரும்புகிறோம் என்பது, அதுவரை கேட்ட துஆக்கள் எல்லாவற்றையும்விடக் கனமானது என்று நமக்குத் தோன்றுகிறது.

இடம் கிடைத்த வீட்டில் விருந்து நடக்கும். நடக்கட்டும், சந்தோஷம் சுன்னத்தான காரியமே. விருந்துக்கு முன்னதாக அந்த வீட்டுத் தகப்பனார் மற்ற வீட்டுக்கு ஒரு நடை போய்வந்தால் நல்லது. கையில் இனிப்புப் பெட்டி வேண்டாம். சிங்கப்பூரில் மேல்முறையீட்டுக்கும் மலேசியாவில் ராயுவானுக்கும் தவணை குறுகியது. விண்ணப்பத் தாள்களை நிரப்பிப் பழகிய பிள்ளை இப்போது அவர் வீட்டிலேயே இருக்கிறான். அவனையும் உடன் அழைத்துக்கொண்டு போகலாம்.